சம்பளமா, அனுபவமா? மென்பொருள் வேலைக் கடிதத்தைப் படித்தறியும் முறை

நெசவாளர் கூட்டுறவுச் சங்கங்களிலும் தொடக்க வேளாண்மைக் கடன் சங்கங்களிலும் ஆய்வுக்குச் செல்லும்போது, சில ஆண்டுகளாகக் கடன் மனுக்களோடு ஒரு புதுவகைத் தாள் இணைந்து வருவதைக் காண்கிறோம். அது அங்கத்தினரின் மகனுக்கோ மகளுக்கோ மென்பொருள் நிறுவனம் ஒன்று அனுப்பிய வேலைக் கடிதமாகும். "பிள்ளைக்கு வருஷம் நாலு லட்சத்துக்கு உத்தியோகம் ஆகிவிட்டது, கடனுக்கு இனி என்ன கவலை?" என்று பெற்றோர் மகிழ்வோடு கூறுகின்றனர். அம்மகிழ்ச்சி நியாயமானதே. குழித்தறியில் கால் மரத்துப்போக உழைத்தும், மஞ்சள் விலை இறங்கிய ஆண்டுகளில் பட்டினி கிடந்தும் படிக்கவைத்த பிள்ளைகள் அவர்கள். ஆயினும் அக்கடிதத்தில் உள்ள ஆண்டுத் தொகையைப் பன்னிரண்டால் வகுத்து, அதுவே மாதந்தோறும் வீட்டுக்கு வரும் என்று எண்ணி, அதன்மேல் புதுக்கடன் வாங்குகிற வழக்கமும் கூடவே வளர்ந்துவருகிறது. இது பற்றிச் சற்று விரிவாக எழுதவேண்டியது அவசியமாகிறது.

இன்னொரு சிக்கலும் உண்டு. சில பிள்ளைகளுக்கு இரண்டு கடிதங்கள் வருகின்றன. ஒன்றில் சம்பளம் அதிகம். வேலையோ கற்றுக்கொள்ள இடமில்லாதது. மற்றொன்றில் சம்பளம் குறைவு; தொழிலை நன்றாகப் பழகலாம். எதனை ஏற்பது என்று பிள்ளை கேட்கும்போது, "அதிகம் தருகிற இடத்துக்குப் போ" என்பதே பெரும்பாலான வீடுகளில் விடையாக இருக்கிறது. அவ்விடை சில குடும்பங்களுக்குச் சரி, சில குடும்பங்களுக்குத் தவறு. எக்குடும்பத்திற்கு எது என்பதைக் கணக்குப் போட்டே அறியவேண்டும்.

முதலில் கடிதத்திலுள்ள பெருந்தொகையைப் பிரித்துப் பார்ப்போம். நிறுவனங்கள் இதனைச் சி.டி.சி. என்று குறிக்கின்றன. ஒரு பணியாளுக்காக நிறுவனம் ஆண்டொன்றுக்குச் செய்யும் மொத்தச் செலவு என்பது இதன் பொருள். பணியாள் கையில் பெறும் சம்பளம் என்பதன்று. நமது சங்கத்தில் ஒரு சேலைக்கு நூல், சாயம், கூலி, சங்கச் செலவு எல்லாம் சேர்ந்த அடக்க விலையை நெசவாளியின் கூலி என்று எவரும் கொள்ளமாட்டோம் அல்லவா? அதுபோன்றதே இது.

ஒரு கடிதத்தில் ஆண்டுக்கு 4,20,000 ரூபாய் என்று இருப்பதாகக் கொள்வோம். பன்னிரண்டால் வகுத்தால் மாதம் 35,000. இப்போது உள்ளே பார்க்கவேண்டும். அதில் 40,000 ரூபாய் 'மாறுபடும் ஊதியம்' என்று இருக்கலாம். அது நிறுவனத்தின் லாபத்தையும் மேலதிகாரியின் மதிப்பீட்டையும் பொறுத்து ஆண்டு முடிவில் வருவது. முழுவதும் வரலாம், பாதி வரலாம், வராமலும் போகலாம். வருங்கால வைப்பு நிதிக்கு நிறுவனம் செலுத்தும் பங்கும் இத்தொகைக்குள்ளேயே அடங்கும். 15,000 ரூபாய் உச்சவரம்பில் 12 சதவீதம் கணக்கிடும் நிறுவனமாயின் அது மாதம் 1,800, ஆண்டுக்கு 21,600. பணிக்கொடைக்கென்று சுமார் 9,800 ரூபாய், மருத்துவக் காப்பீட்டுப் பிரீமியமாக 6,000 ரூபாய். இவை நீங்கினால் எஞ்சுவது ஏறத்தாழ 3,42,600, மாதத்திற்கு 28,550. இதிலிருந்து பணியாளின் சொந்த வைப்பு நிதிப் பங்காக மற்றொரு 1,800 ரூபாய் பிடிக்கப்படும். அரையாண்டுக்கு ஒருமுறை உள்ளாட்சிக்குச் செலுத்தும் தொழில் வரியும் உண்டு. ஆக, 35,000 என்று எண்ணிய வீட்டிற்கு 26,500 அளவில்தான் வந்துசேரும். (வருமான வரியைப் பற்றிய அச்சம் வேண்டுவதில்லை. 2025-26 நிதியாண்டு முதல் புதிய வரிமுறையில் 12 லட்சம் வரையுள்ள வருமானத்திற்கு வரித் தள்ளுபடி உள்ளது.)

வைப்பு நிதியிற் போகும் பணம் வீணாவதில்லை என்பதையும் உடனே சொல்லிவிட வேண்டும். நெசவாளர் சேமிப்புத் திட்டத்தில் நமது கூலியிலிருந்து ஒரு பங்கு பிடிக்கப்பட்டு, அரசும் தன் பங்கைச் சேர்ப்பது போலவே, இங்கும் நிறுவனம் தன் பங்கைச் சேர்க்கிறது. 2024-25ஆம் ஆண்டுக்கு 8.25 சதவீத வட்டி அறிவிக்கப்பட்டது. நல்ல சேமிப்புதான், ஆனால் இம்மாத மளிகைக்கு உதவாது. பணிக்கொடை அவ்வாறன்று. நிரந்தரப் பணியாளராயின் ஐந்தாண்டு தொடர்ந்து பணிசெய்தால்தான் அது கிடைக்கும். 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பின்படி, குறித்த கால ஒப்பந்தத்தில் சேர்ந்தவர்க்கு ஓராண்டிலேயே அவ்வுரிமை உண்டு. புதிதாகச் சேரும் இளைஞர்களில் பலர் ஐந்தாண்டு ஒரே இடத்தில் தங்குவதில்லை. எனவே அத்தொகையைக் கடிதத்தில் பார்ப்பதோடு பலருக்குக் கணக்கு முடிந்துவிடுகிறது.

இனி இரண்டாம் கடிதம். கோயம்புத்தூரில் ஒரு சிறு நிறுவனம். மாதச் சம்பளம் 20,000 ரூபாய். வைப்பு நிதிக்கு 1,200, தொழிலாளர் அரசு காப்பீட்டுக்குச் சுமார் 150 போக, கைக்கு வருவது 18,650. முதற்கடிதம் சென்னைக்கு அழைக்கிறது. அங்கே பழைய மாமல்லபுரம் சாலையை ஒட்டி விடுதி, உணவு, போக்குவரத்து எல்லாம் சேர்த்து 13,000 ஆகும் என்றும், கோயம்புத்தூரில் 9,000 ஆகும் என்றும் கொண்டால், முதலாவதில் மிஞ்சுவது 13,500, இரண்டாவதில் 9,650. வித்தியாசம் 3,850 ரூபாய். வீட்டில் பேசப்பட்ட வித்தியாசமோ 15,000. இந்த எண்கள் எடுத்துக்காட்டுக்காக வைத்தவை. ஒவ்வொருவரும் தத்தம் கடிதத்தையும் தாம் தங்கப்போகும் ஊரின் செலவையும் வைத்து இவ்வாறே கணக்கிடவேண்டும். கணக்கிட்டவர்களிற் பலருக்கு, இரண்டு வேலைகளுக்கும் இடையே மலைபோல் தோன்றிய தூரம் சிறு மேடாகிவிடுவதைக் கண்டிருக்கிறேன்.

தொழிலாளர் அரசு காப்பீட்டை அலட்சியமாக எண்ணவேண்டாம். மாத ஊதியம் 21,000 ரூபாய்க்கு உட்பட்டவர்களுக்கே இது பொருந்தும். பணியாள் கட்டுவது ஊதியத்தில் 0.75 சதவீதம், நிறுவனம் கட்டுவது 3.25 சதவீதம். இதில் பணியாளைச் சார்ந்து வாழும் பெற்றோருக்கும் மருத்துவ வசதி உண்டு. நிறுவனங்கள் எடுத்துத்தரும் தனியார் காப்பீடுகளில் பெற்றோரைச் சேர்ப்பதும் சேர்க்காததும் இடத்துக்கு இடம் மாறும். சில இடங்களில் பெற்றோருக்குத் தனியாகப் பணம் கட்டவேண்டும். பஞ்சுத்தூசியில் நாற்பது ஆண்டு உழைத்து இருமும் தந்தை வீட்டில் இருப்பாராயின், இவ்வொரு வரியைக் கேட்டறிவது சில ஆயிரம் ரூபாய் சம்பள உயர்வுக்குச் சமமாகும்.

அனுபவம் என்பது என்ன? இதைத்தான் நிறுவனங்களும் பிள்ளைகளும் தத்தமக்கு ஏற்றவாறு பொருள்கொள்கின்றனர். நெசவுத் தொழிலர்க்கு இது விளக்காமலே விளங்கும். ஒரு பையனைத் தறிக்கூடத்தில் சேர்க்கிறோம். ஓரிடத்தில் நாள் முழுதும் தார் சுற்றவைத்துக் கூலி சற்று அதிகமாகத் தருகின்றனர். மற்றோரிடத்தில் கூலி குறைவு. ஆனால் பாவு ஓடவும், இழை பிணைக்கவும், விழுதில் கோக்கவும், ஜக்கார்டு அட்டையில் பூ விழாத இடத்தைக் கண்டுபிடித்துச் சரிசெய்யவும் பக்கத்திலிருந்து சொல்லித்தருகின்றனர். ஐந்தாண்டு கழித்து இருவரில் எவரிடம் ஒரு தறியை நம்பி ஒப்படைப்போம்?

ஜக்கார்டு என்றதும் ஒன்று நினைவுக்கு வருகிறது; கட்டுரைக்கு வெளியேயாயினும் சொல்கிறேன். பிரெஞ்சு நாட்டு ஜோசப் மரி ஜக்கார்டு 1804இல் அமைத்த அந்தத் துளையிட்ட அட்டைகளைப் பார்த்தே, ஆங்கிலேயரான சார்லஸ் பாபேஜ் தம் கணக்கிடும் பொறிக்கு அட்டைகளால் கட்டளையிடும் யோசனையை மேற்கொண்டார். 1890ஆம் ஆண்டு அமெரிக்கக் குடிமதிப்பைத் துளையிட்ட அட்டைகளைக் கொண்டே எண்ணி முடித்தனர். நெசவாளி வீட்டுப் பிள்ளை கணிப்பொறி வேலைக்குப் போவது முற்றிலும் அந்நியமான இடத்துக்குப் போவதன்று.

மென்பொருள் தொழிலிலும் தார் சுற்றும் வேலை உண்டு. திரையில் எச்சரிக்கை வரும்போது குறிப்பிட்ட பொத்தானை அழுத்திப் பதிவேட்டில் எழுதும் இரவுநேரக் கண்காணிப்பு வேலை, எழுதிக்கொடுத்த வரிசைப்படி திரும்பத் திரும்பச் சோதிக்கும் வேலை முதலியவை இவ்வகையின. இவற்றில் சேர்வது இழிவன்று. மேலே செல்லும் படியாகவும் அவை ஆகலாம். ஆனால் அங்கிருந்து நிரல் எழுதும் வேலைக்கு மாற வழியுண்டா, அவ்வாறு முன்பு மாறியவர் உண்டா என்று சேருமுன் கேட்கவேண்டும். வேறொரு நிலையும் உண்டு. பெரிய நிறுவனங்களில் புதியவர்களைச் சேர்த்துப் பயிற்சி கொடுத்தபின், திட்டம் எதுவும் கிடைக்கும்வரை சும்மா அமர்த்திவைப்பர். இதனைப் பெஞ்ச் என்பர். பாவு வராமல் தறி நிற்பது போன்றது இது. சம்பளம் வருகிறதே என்று வீட்டார் மகிழ்ந்திருக்க, பிள்ளையின் கை பழக்கமற்றுப்போகும்.

நிறுவனம் எவ்வாறு சம்பாதிக்கிறது என்பதை அறிந்தால் இவற்றின் காரணம் தெளியும். மென்பொருள் சேவை நிறுவனங்கள் பெரும்பாலும் வெளிநாட்டு வாடிக்கையாளரிடம் ஆளுக்கும் மணிக்கும் கணக்கிட்டுக் கட்டணம் வாங்குகின்றன. புதிதாகச் சேர்ந்தவருக்கு முதல் சில மாதங்கள் கட்டணம் கிடைப்பதில்லை. ஆகவே தொடக்கச் சம்பளத்தைக் குறைத்துவைத்து, ஆயிரக்கணக்கில் ஆள் எடுத்து, கட்டணம் கிடைக்கும் இடத்திற்கு அனுப்புகின்றன. அந்த இடம் பிள்ளைக்கு ஏற்றதா என்பது அடுத்த கேள்வி. சொந்தமாக மென்பொருள் செய்து விற்கும் நிறுவனங்களும், அயல்நாட்டு வங்கிகள் முதலியன இங்கே நடத்தும் சொந்த மையங்களும் வேறு வகை. அவை குறைவான பேரை எடுக்கும், தேர்வு கடினம், சம்பளமும் பொதுவாக அதிகம். ஸோஹோ நிறுவனம் பன்னிரண்டாம் வகுப்பு முடித்தவர்களுக்கு உதவித்தொகை கொடுத்துப் பயிற்றுவிக்கும் பள்ளிகளை நடத்துகிறது. தென்காசியை அடுத்த மத்தளம்பாறையிலும் அந்நிறுவனத்தின் அலுவலகம் உள்ளது. வேலை என்றால் சென்னைதான் என்ற எண்ணத்தை விடுவதற்கு இதனை உதாரணமாகக் கொள்ளலாம்.

பெரிய சேவை நிறுவனங்களின் தொடக்கச் சம்பளம் 2010ஆம் ஆண்டை ஒட்டியே வருடத்திற்கு 3 லட்சம் அளவில் இருந்தது. பதினைந்து ஆண்டுகள் கழித்தும் பல நிறுவனங்களில் அது 3½ லட்சத்தை ஒட்டியே நிற்கிறது. அதற்குள் விலைவாசி இரட்டிப்பையும் தாண்டிவிட்டது. பொறியியற் பட்டதாரிகள் மிகுதியாக வருவதே இதற்கு முதற்காரணம். மஞ்சள் வரத்து மிகுந்த நாளில் ஏலக் கூடத்தில் நடப்பது இங்கும் நடக்கிறது. கடிதத்திலுள்ள சம்பளம் வேலையில் சேரும்வரை நிலைப்பதும் உறுதியன்று. 2023 பிப்ரவரியில் விப்ரோ நிறுவனம், ஆண்டுக்கு 6½ லட்சம் என்று கடிதம் பெற்றுக் காத்திருந்த புதியவர்களிடம், 3½ லட்சத்திற்கு உடனே சேரச் சம்மதமா என்று கேட்டது. அத்தொகையை நம்பி வீட்டில் கடன் வாங்கியிருந்தவர்களின் நிலையை எண்ணிப் பார்க்கவும்.

2022 நவம்பரில் சாட்ஜிபிடி வெளிவந்த பின்னர் மற்றொரு மாற்றமும் நேர்ந்துள்ளது. புதியவர்கள் முதலிரண்டு ஆண்டுகளில் செய்து பழகிவந்த எளிய நிரல்களையும் சோதனைகளையும் இன்று பொறியே எழுதித்தருகிறது. எழுதியது சரியா, எங்கே பிழைபடும், வாடிக்கையாளர் உண்மையில் கேட்டது இதுதானா என்று ஆராயத் தெரிந்தவனுக்கே மதிப்பு. இந்த அறிவு மூத்தவர் ஒருவர் நம் வேலையைப் பார்த்துத் திருத்தும் இடத்தில் மட்டுமே வளரும். வெறும் ஆண்டுக்கணக்கை அனுபவம் என்று கொள்வதற்கில்லை. 2025 ஜூலையில் டாட்டா கன்சல்டன்சி நிறுவனம் தன் பணியாளரில் ஏறத்தாழ 2 சதவீதத்தினரை, அதாவது 12,000க்கு மேற்பட்டவர்களைக் குறைப்பதாக அறிவித்தபோது, பாதிக்கப்படுவோர் பெரும்பாலும் நடுத்தர, மேல்நிலைப் பணியாளர்கள் என்றே கூறப்பட்டது.

ஆகவே குறைந்த சம்பளத்தில் நல்ல பயிற்சி கிடைக்குமாயின் அதை ஏற்கலாம் என்பது என் கருத்து. ஆனால் இக்கருத்தைத் தமக்குச் சாதகமாக்கிக்கொள்ளும் நிறுவனங்களும் உண்டு. "நாங்கள் அனுபவம் தருகிறோம்" என்று கூறி ஆறு மாதம் சம்பளமின்றி வேலை வாங்குவதும், பயிற்சிக் கட்டணம் என்று ஐம்பதாயிரம், ஒரு லட்சம் கேட்பதும் நடைபெறுகின்றன. பணம் கட்டிப் பெறுவது வேலையாகாது. அத்தகைய கடிதத்திற்காகச் சங்கத்தில் நகைக்கடன் கேட்டு வருவோரைச் செயலாளர்கள் தயவுசெய்து உட்காரவைத்துப் பேசவேண்டும்.

குறைந்த சம்பளத்திற்குப் பின்விளைவும் உண்டு என்பதை மறைக்கலாகாது. வேறு நிறுவனத்திற்கு மாறும்போது, "இப்போது என்ன வாங்குகிறாய்?" என்று கேட்டு, அதன்மேல் இத்தனை சதவீதம் கூட்டிக் கொடுப்பதே வழக்கமாக உள்ளது. 20,000இல் தொடங்கியவருக்கும் 28,000இல் தொடங்கியவருக்கும் ஒரே சதவீத உயர்வு கொடுத்தால் இடைவெளி வளரும். பழகிய தொழிலை நேர்முகத் தேர்வில் செய்து காட்டக்கூடியவரே அவ்வழக்கத்தை உடைக்கமுடியும். சோளம் விதைத்தவர் மூன்று நான்கு மாதத்தில் அறுக்கிறார். மஞ்சள் நட்டவர் பத்து மாதம் காத்திருக்கிறார். காத்திருந்தவருக்கு எப்போதும் விலை கிடைத்துவிடுவதில்லை என்பதும் நாம் அறிந்ததே.

எனவே முடிவு குடும்பத்தின் கடனைப் பொறுத்தது. கல்விக் கடன் மட்டும் இருக்குமாயின், வங்கிகளின் பொதுவான திட்டப்படி படிப்புக் காலமும் அதன்மேல் ஓராண்டும் தவணை கட்டவேண்டுவதில்லை. வட்டி மட்டும் ஏறிக்கொண்டிருக்கும். அவ்வோராண்டு, தொழில் பழகும் வேலையை ஏற்க இயல்பாகவே அமைந்த அவகாசமாகும். அதன்பின் 4 லட்சத்திற்கு 10 சதவீத வட்டியில் பத்தாண்டுத் தவணையென்றால் மாதம் சுமார் 5,300 ரூபாய் கட்டவேண்டும். மேற்கூறிய கோயம்புத்தூர் வேலையில் மிஞ்சும் 9,650இல் அது அடங்கும். வீட்டுக்குக் கொஞ்சமே மீதி. நெருக்கடிதான், ஆயினும் முடியும்.

ஆனால் வீட்டின்மேல் நூற்றுக்கு மாதம் மூன்று ரூபாய் வட்டிக்குத் தனியார் கடன் இருக்குமாயின் நிலை வேறு. ஆண்டுக்கு 36 சதவீதம் வளரும் கடனைப் பின்னே விட்டுவிட்டு அனுபவத்தைத் தேடிப்போக அறிவுரை சொல்ல எனக்கு மனம் வாராது. இரண்டு லட்சம் கடனுக்கு வட்டி மட்டும் மாதம் 6,000. கோயம்புத்தூரில் மிஞ்சும் தொகையில் பெரும்பங்கு வட்டிக்கே போய், முதல் அசையாது. அங்கே முதற்கடிதத்தை ஏற்று, முடிந்தால் அக்கடனைச் சங்கக் கடனாக மாற்றி, அசலை அடைப்பதே முறை. பிள்ளை இரவு வேலையாயினும் பார்த்துக்கொண்டே மாலைப்பொழுதில் படிக்கட்டும். கடினமாயினும் அவ்வாறு செய்து, இரண்டாண்டில் மாறியவர்கள் எங்கள் சரகத்திலேயே உண்டு. வேறு சிலர் மாறவில்லை. தூக்கம் கெட்ட உடம்பு படிப்புக்கு இணங்குவதில்லை என்று ஒரு பெண் கூறியது நினைவிருக்கிறது. ஆகையால் கடன் தீரும் மாதம் எது என்பதைக் குடும்பம் முன்பே குறித்துவைத்து, அம்மாதத்திற்குப் பின் பிள்ளையின் சம்பளத்தின்மேல் வேறு கடன் ஏற்றுவதில்லை என்று பேசிமுடித்துக்கொள்வது நலம். தங்கை கலியாணம், வீட்டுக்கு மாடி என்று ஒவ்வொன்றாக ஏறிப் பிள்ளை அவ்வேலையிலேயே சிக்கிக்கொள்வதைப் பார்க்கிறோம்.

பாண்டு எனப்படும் ஒப்பந்தத்தைப் பற்றிப் பலர் கேட்கின்றனர். இரண்டாண்டுக்குள் விலகினால் இத்தனை ரூபாய் கட்டவேண்டும் என்று எழுதி வாங்குவது அது. "அதெல்லாம் கோர்ட்டில் செல்லாது" என்று கல்லூரிகளில் பேசிக்கொள்கின்றனர். அவ்வாறு நம்பிவிடலாகாது. விஜயா வங்கி வழக்கில் 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம், மூன்றாண்டுக்குள் விலகினால் 2 லட்சம் ரூபாய் செலுத்தவேண்டும் என்ற நிபந்தனையைச் செல்லத்தக்கதென்று தீர்ப்பளித்தது. அது பொதுத்துறை வங்கியைப் பற்றியது. ஆள் தேர்வுக்கு அது செய்யும் செலவும் கருத்திற் கொள்ளப்பட்டது. 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 74ஆம் பிரிவுப்படி, எழுதிய தொகை எவ்வளவாயினும் நியாயமான இழப்பீடே கேட்கமுடியும். ஆயினும் கையெழுத்திட்டது கையெழுத்திட்டதே. தொகை எவ்வளவு, காலம் எவ்வளவு, பயிற்சி முடிந்த நாளிலிருந்தா சேர்ந்த நாளிலிருந்தா என்பவற்றைப் படித்தபின் கையொப்பமிடவேண்டும். அசல் சான்றிதழ்களைக் காட்டிச் சரிபார்த்ததும் திரும்பப் பெறவேண்டும்; அவற்றை வைத்துக்கொள்வோம் என்னும் நிறுவனத்திற்கு நகலோடு நிறுத்திக்கொள்வதே நன்று.

இரண்டு கடிதங்களையும் வைத்துக்கொண்டு குழம்பும் பிள்ளைகள், நிறுவனத்திடம் நேரே கேட்கத் தயங்குகின்றனர். கேட்பதில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை. முதல் ஆறு மாதம் என்ன வேலை, நான் எழுதுவதை யார் பார்த்துத் திருத்துவார், இரவு முறை உண்டா, மாறுபடும் ஊதியம் சென்ற ஆண்டு எவ்வளவு கொடுக்கப்பட்டது, விலகுவதானால் எத்தனை நாள் முன்னறிவிப்பு என்று கேட்டு, விடையை மின்னஞ்சலிலே பெறவேண்டும். முன்னறிவிப்புக் காலம் 90 நாள் என்று இருந்தால், மாற நினைக்கும் காலத்தில் அத்தனை நாள் காத்திருக்கப் புது நிறுவனங்கள் பல சம்மதிப்பதில்லை. அதே நிறுவனத்தில் சேர்ந்து ஓராண்டு ஆன, நம் ஊர்ப் பக்கத்துப் பிள்ளை எவரேனும் இருந்தால், அவரிடம் பேசுவது நிறுவனத்தின் விடையைவிடப் பயன் தரும். பதில் கூற மூன்று நாளே தந்திருந்தால், மேலும் ஒரு வாரம் கேட்டு எழுதலாம், பெரும்பாலும் கொடுக்கின்றனர். இரண்டாம் நிறுவனத்தின் பயிற்சி பிடித்து, சம்பளம் மட்டும் குறைவாயின், முதற்கடிதத்தைக் காட்டி ஈராயிரம் கூட்டித்தர இயலுமா என்று கேட்பதும் முறையே. சிறு நிறுவனங்கள் இதற்கு இணங்குவதுண்டு; ஆறு மாதம் கழித்துச் சம்பளத்தை மறுபரிசீலனை செய்வதாகவேனும் எழுதித்தரும்படி கேட்கலாம்.